சிலேட்டுக் கூரை: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டி வீதிப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்துக் கல்லும் ஓடும் விற்கிறேன். லண்டனிலிருந்தோ சுவிஸிலிருந்தோ விடுமுறைக்கு வந்து, உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் கைபேசியை நீட்டி ஒரு படம் காட்டுவார்கள். மழையில் நனைந்து மினுங்குகிற கறுப்புக் கல் கூரை. "அண்ணா, இது இங்கே கிடைக்குமா? நம் ஊரில்தான் கல்லுக்குப் பஞ்சமில்லையே?" ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எழுதினோமே, அந்தச் சிலேட்டும் இதுவும் ஒன்றா?

ஒரே கல்தான். மரச்சட்டம் போட்ட பழைய கல் சிலேட்டு வீட்டில் எங்கேயாவது கிடந்தால் எடுத்து விளிம்பைப் பாருங்கள். கத்தியால் வெட்டியது போலத் தட்டையாக, மெல்லிய தாள்களை ஒட்டியது போல இருக்கும். ஆந்திராவின் மார்க்காபூர் இந்தப் பள்ளிச் சிலேட்டுக்குப் பேர்போன ஊர். பின்னால் வந்த தகரச் சிலேட்டும் பிளாஸ்டிக் சிலேட்டும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டன. குச்சி அதைவிட மென்மையான கல், அல்லது மாக்கல். அதைக் கடித்துத் தின்றவர்கள் இதை வாசிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள்.

புத்தகத்தில் பலகைக்கல் என்று எழுதுவார்கள். கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் "பலகையா, கல்லா, எது வேண்டும்?" என்று கேட்பார்கள். அதனால் நானும் சிலேட்டு என்றே எழுதுகிறேன்.

இந்தக் கல் எப்படி உண்டாகிறது?

தொடக்கம் வெறும் சேறு. ஆறு கொண்டுவந்த மிக நுண்ணிய களி, சில இடங்களில் எரிமலைச் சாம்பல், கடலடியில் அடுக்கடுக்காகப் படிகிறது. மேலே பாரம் ஏற ஏற நீர் பிழிந்துபோய் களிக்கல் ஆகிறது. இது வரைக்கும் அது சிலேட்டு இல்லை. விரலால் நொறுக்கலாம், தண்ணீரில் போட்டால் சில களிக்கல் கரைந்தே போகும்.

பிறகு நிலத்தட்டுகள் மோதி அந்த அடுக்குகளைப் பக்கவாட்டில் நெருக்க வேண்டும், கூடவே சூடும் வேண்டும். ஏறக்குறைய 200 முதல் 350 பாகை செல்சியஸ் வரை. அந்தச் சூட்டில் களிக் கனிமங்கள் மாறி, நுண்ணிய அப்பிரகமும் குளோரைட்டும் புதிதாக முளைக்கின்றன. இரண்டுமே தகடு தகடான கனிமங்கள். சமையல் கணக்கில் சொன்னால் சிலேட்டு ஒரு குறைவேக்காட்டுக் கல். இன்னும் கொஞ்சம் சூடேறினால் தகடுகள் பெரிதாகி மினுமினுப்பான வேறு கல்லாகிவிடும், பிளந்தாலும் நேராகப் பிளக்காது. இந்த வேக்காட்டுக் கணக்கை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

அப்படியானால் சேறு படிந்த அடுக்கு வழியாகத்தானே அது பிளக்கிறது?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். இல்லை. படிந்த அடுக்கு ஒரு திசையில் போகும், பிளவு இன்னொரு திசையில் போகும். ஆடம் செட்விக் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1835-இல் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். சில சிலேட்டுகளில் முகத்துக்குக் குறுக்கே நிறக் கோடுகள் சாய்வாக ஓடும். அந்தக் கோடுதான் பழைய சேற்று அடுக்கு. கல் அதைக் கண்டுகொள்ளாமல் தன் வழியில் பிளக்கும்.

காரணத்தை வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம். மண்சுவருக்குப் பிசைவது போலக் களிமண்ணில் வைக்கோல் துண்டுகளைக் கண்டபடி கலந்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து நன்றாக அழுத்துங்கள். உடைத்துப் பார்த்தால் வைக்கோல் எல்லாம் பலகையின் முகத்தோடு ஒத்துப் படுத்திருக்கும். நெருக்கிய திசைக்குக் குறுக்காக, ஒரே வாட்டத்தில். கல்லுக்குள் அப்பிரகத் தகடுகளும் இப்படித்தான் படுக்கின்றன, பிளவும் அந்த வாட்டத்தில்தான் ஓடுகிறது. ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1853-இல் இதை விளக்கி எழுதினார். மூன்று ஆண்டு கழித்து ஜான் டின்டால் வெள்ளை மெழுகை அழுத்தியே பிளவை வரவழைத்துக் காட்டினார்.

எனக்குப் பிடித்த சாட்சி வேறு. வேல்ஸ் நாட்டு ஊதாச் சிலேட்டில் பச்சைப் புள்ளிகள் இருக்கும். இரும்பின் செம்மை அந்த இடத்தில் மட்டும் போய்விட்டதால் வந்த நிறம் அது. சேறாக இருந்தபோது உருண்டையாக இருந்த அந்தப் புள்ளிகள் இப்போது வடை போலத் தட்டையாகிவிட்டன. எவ்வளவு தட்டையாகிவிட்டன என்று அளந்து, மலை எவ்வளவு நெருக்கப்பட்டது என்று கணக்குப் போடுகிறார்கள்.

திருகோணமலை முழுக்கக் கல். இங்கே சிலேட்டு இல்லையா?

இல்லை. தேடியும் பயனில்லை, ஏனென்றால் நம் கல் சிலேட்டுப் பதத்தை எப்போதோ தாண்டிவிட்டது.

இலங்கை நிலத்தின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. நம் பகுதி அதில் உயர்நிலத் தொகுதியோடு சேர்ந்தது. ஏறக்குறைய 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது, இந்தப் பாறைகள் 20, 30 கிலோமீற்றர் ஆழத்துக்குப் போய் 800 பாகையையும் தாண்டி வெந்தன. சிலேட்டுக்கு வேண்டிய சூட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மணற்கல்லாக இருந்தது குவாட்சைற்று ஆனது. துறைமுகத்தைச் சுற்றியுள்ள முகடுகளில் அதைப் பார்க்கலாம். களிச்சேறாக இருந்தது, அதாவது சிலேட்டு ஆகியிருக்க வேண்டியது, கார்னெட்டு என்கிற செம்மணி பதிந்த நைஸ் பாறையாகிவிட்டது. புல்மோட்டைப் பக்கம் கடற்கரையில் கறுப்பு மணலுக்கு நடுவே செந்நிற இழை ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். கறுப்பு இல்மனைட்டு, சிவப்பு கார்னெட்டு. அந்தச் சிவப்பில் ஒரு பங்கு, ஒரு காலத்தில் சிலேட்டாகும் வாய்ப்பைத் தாண்டிப்போன சேறு.

நாட்டின் மற்றப் பக்கம் இதற்கு நேர்மாறு. புத்தளத்துக்குக் கிட்டத் தப்போவையில் ஜுராசிக் காலத்துக் களிக்கல் இருக்கிறது, அது வேகவே இல்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் வேகாததுதான். ஆக நம்மிடம் இருப்பது முழுக்க வெந்ததும் வேகாததும். நடுப்பதம் கிடையாது.

இந்த நாட்டுக் கற்களை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதியவர் என்றே பலருக்குத் தெரியும். ஆனால் அவர் இலங்கைக் கனிம அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர், 1904-இல் தோரியனைட்டு என்ற கனிமத்தை இனங்கண்டவர். முத்துக்குமாரசுவாமியின் மகன் கல்லும் சுமந்தார் என்று சொன்னால் என் கடைக்கு வருகிற பிள்ளைகள் நம்புவதில்லை.

கன்னியாவில் வெந்நீர் வருகிறதே, அந்தச் சூடு போதாதா?

இது பகிடியாகக் கேட்கப்பட்ட கேள்வி, ஆனாலும் பதில் இருக்கிறது. கன்னியாக் கிணறுகளின் சூடு குளிக்கத் தோதான சூடு. அங்கே எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, திரும்ப மேலே வருகிறது. சிலேட்டுக்கு அதைப்போலப் பல மடங்கு சூடும், கூடவே மலையை மடிக்கிற நெருக்கமும் வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குவாரியில் கருங்கல்லும் தட்டையாகத்தான் உடைகிறது. அதைக் கூரைக்கு எடுக்க முடியாதா?

நைஸ் பாறையில் வெள்ளையும் கறுப்புமாய்ப் பட்டை இருக்கும், அந்தப் பட்டையோடு ஒட்டி ஓரளவு தட்டையாகப் பெயரும். ஆனால் பெயர்கிற தட்டு நாலு விரல் தடிப்பாவது இருக்கும். வாசற்படிக்கும் முற்றத்துக்கும் நல்லது. கூரையில் வைத்தால் கைமரம் ஒடியும்.

உலகில் நல்ல கூரைச் சிலேட்டு எங்கிருந்து வருகிறது?

இன்று அதிகம் எடுப்பது ஸ்பெயின், வடமேற்கே கலீசியாவும் அதையொட்டிய லெயோன் பகுதியும். பெயர்பெற்றது வேல்ஸ். அந்த வடமேற்கு வேல்ஸ் சிலேட்டு நிலத்தோற்றத்தை 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையில் சேர்த்தது. பிரேசிலும் சீனாவும் பெரிய அளவில் எடுக்கின்றன. நமக்குக் கிட்ட என்றால் இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா, சம்பா பக்கங்கள். அங்கே மலைக்கிராமத்து வீடுகளுக்கே சிலேட்டுக் கூரைதான்.

எப்படி வெட்டி எடுக்கிறார்கள்? நம் குவாரி மாதிரித்தானா?

நம் குவாரியின் நோக்கம் கல்லை நொறுக்குவது. வெடி வைத்து, கிரஷரில் போட்டு, சல்லியாக விற்பது. சிலேட்டுக் குவாரியில் நொறுங்கினால் கூலியே போச்சு. அதனால் பழைய வேல்ஸ் தொழிலாளர்கள் டைனமைட்டை விட்டுக் கறுப்பு வெடிமருந்தையே விரும்பினார்கள். டைனமைட்டு அறைந்து உடைக்கும், கறுப்பு மருந்து மெதுவாக எரிந்து தள்ளும். கல் முழுசாக, பாளமாக நகர்ந்து விழும். இப்போது பல இடங்களில் வைரமணி கோத்த கம்பியால் அறுக்கிறார்கள்.

வேல்ஸின் பென்ரின் குவாரி திறந்த வெளியில் படிக்கட்டு மாதிரி இறங்குவது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 1 மைல் நீளமும் 1,200 அடி ஆழமும் கொண்டு, ஏறக்குறைய 3,000 பேர் வேலை செய்த இடம். வேல்ஸிலேயே பிளைனாய் ஃபெஸ்டினியோக் என்ற ஊரில் சிலேட்டு நரம்பு சாய்வாக மலைக்குள் இறங்குவதால், உள்ளே மண்டபம் மண்டபமாகக் குடைந்தார்கள்.

பிளக்கிற வேலை இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அளவாக அறுத்த பாளத்தைத் தொழிலாளி தொடையோடு சாய்த்து நிறுத்துவார். அகலமான, மெல்லிய வாயுள்ள உளி. கொட்டாப்புளியால் ஒரு மெல்லிய தட்டு. கோடு விழும். உளியைக் கொஞ்சம் திருப்பினால் பாளம் புத்தகம் போல இரண்டாகத் திறக்கும். எப்போதும் சரிபாதியாகத்தான் பிளக்க வேண்டும். ஒரு பக்கம் மெலிந்தால் வெடிப்பு அந்த மெலிந்த பக்கமாக ஓடி வெளியே வந்துவிடும். பனைமரம் பிளந்து சலாகை எடுத்தவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. 8 சென்ரிமீற்றர் பாளத்தில் 5 மில்லிமீற்றர் ஓடு பதினாறு. கல் நிலத்திலிருந்து வந்த ஈரத்தோடு இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்தால் பிடிவாதம் பிடிக்கும்.

அளவுகளுக்குப் பெயர் வைத்தார்கள் பாருங்கள். 24 அங்குலத்துக்கு 12 அங்குலம் டச்சஸ், 20-க்கு 10 கவுண்டஸ், 16-க்கு 8 லேடி. சீமாட்டிகளின் பெயரை எல்லாம் கூரையில் ஆணியடித்து வைத்திருக்கிறார்கள்.

கழிவுதான் பயங்கரம். 1 தொன் ஓட்டுக்கு 10 தொன் கழிவு என்பது சாதாரணம். ஃபெஸ்டினியோக்கில் வீடுகளுக்குப் பின்னால் மலை மாதிரித் தெரிவதில் பாதி இந்தக் குவியல்.

அந்தத் தொழிலாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

பென்ரின் குவாரியைப் பெரிதாக்கிய ரிச்சர்ட் பெனன்டின் செல்வம் ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அவருடைய சொத்துக்கு வாரிசாக வந்தவர்களின் காலத்தில், 1900 நவம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தமும் கதவடைப்பும் 1903 வரை மூன்று வருடம் நீடித்தது. வேலைக்குத் திரும்பாத வீடுகளின் சன்னலில் "இந்த வீட்டில் துரோகி இல்லை" என்று வேல்ஸ் மொழியில் எழுதி ஒட்டினார்கள். ஊர் இரண்டுபட்டு, தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் உண்டு.

தூசி இன்னொரு கொடுமை. சிலேட்டில் சிலிக்கா நிறைய இருக்கிறது. அறுக்கிறபோதும் பிளக்கிறபோதும் பறக்கிற நுண்தூள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ். குவாரி வைத்தியர்களோ தூசியில் கெடுதல் இல்லை என்றார்கள். தேநீரை அடுப்பிலேயே ஊற ஊறக் கொதிக்கவைத்துக் குடிப்பதுதான் நோய்க்குக் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு! தேயிலை விற்கிற நாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை. மூடிப்போன குவாரிகளின் நோயாளிகளுக்கும் நட்டஈடு தரும் சட்டம் பிரித்தானியாவில் வந்தது 1979-இல், பெரிய குவாரிகள் பல மூடிய பிறகு. நம் ஊர்க் கிரஷரில் வேலை செய்கிற தம்பிமார் முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். துவாய் அந்த நுண்தூளைத் தடுக்காது. தண்ணீர் தெளித்து அறுப்பதும், முறையான முகக்கவசமும்தான் தடுக்கும்.

நிறம் ஏன் மாறுகிறது?

கரி இருந்தால் கறுப்பு, சாம்பல். ஹேமடைட்டு என்கிற இரும்புக் கனிமம் இருந்தால் சிவப்பு, ஊதா. குளோரைட்டு கூடினால் பச்சை.

சரி, என் வீட்டுக் கூரைக்குச் சிலேட்டுப் போடலாமா?

போடலாம். போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விற்றால் எனக்கு லாபம், அப்படியிருந்தும் சொல்கிறேன்.

பாரம் பிரச்சினை இல்லை. 5 மில்லிமீற்றர் சிலேட்டு சதுர மீற்றருக்கு 14 கிலோ. ஒன்றன்மேல் ஒன்று பாதிக்கு மேல் ஏறிப் படுக்க வேண்டும் என்பதால் எந்த இடத்திலும் இரண்டு ஓடு இருக்கும். ஆகமொத்தம் 30 கிலோ அளவில் வரும். கள்ளிக்கோட்டை ஓடு அதைவிடப் பாரம்.

பிரச்சினை மற்றவை. முதலாவது வெயில். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நண்பகலில் கறுப்புக் கல்லில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டை அது தாராளமாகக் கீழே விடும். பீலி ஓட்டுக்குக் கீழே கிடைக்கிற குளிர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது உப்புக்காற்று. கல் தாங்கும், ஆணி தாங்காது. இரும்பாணி சில வருடத்தில் அரித்து, நல்ல சிலேட்டு ஒவ்வொன்றாக வழுக்கி விழும். செம்பாணி அல்லது துருப்பிடிக்காத உருக்காணிதான் போட வேண்டும். மூன்றாவது வேலையாள். சிலேட்டில் ஆணித்துளையைப் பின்பக்கத்திலிருந்து குத்துவார்கள். அப்படிக் குத்தினால் முன்பக்கம் சின்னக் குழிவாகச் சிம்பு பெயரும், ஆணித்தலை அந்தக் குழிக்குள் அடங்கும். ஆணியை இறுக்கி அடித்தால் கல் வெடிக்கும், தளர விட்டால் காற்றில் கடகடக்கும். இந்தக் கைப்பழக்கம் உள்ள மேசனை நம் மாவட்டத்தில் நான் சந்தித்ததில்லை. 2000 டிசம்பரில் அடித்த புயலையும், 2020 டிசம்பரில் நமக்குச் சற்று வடக்கே கரையேறிய புரேவியையும் நினைத்துப் பாருங்கள். பழகிப் பார்க்கிற மேசனின் முதல் கூரை உங்கள் வீடாக இருக்க வேண்டுமா?

கூரை வேண்டாம், சுவரில் ஒட்டச் சிலேட்டு வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். நான் சூடுபட்டவன். சில வருடத்துக்கு முன் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் நல்ல விலைக்கு ஒரு லோட் சாம்பல் சிலேட்டு எடுத்து, நிலாவெளியில் கடலைப் பார்த்த ஒரு விருந்தினர் விடுதியின் முன்சுவருக்குக் கொடுத்தேன். ஒட்டி முடித்த அன்று கண்கொள்ளாக் காட்சி. மாரி முடிந்து முதலாளி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், சுவர் முழுக்க வெற்றிலை எச்சில் துப்பியது போலச் செம்பழுப்பு ஒழுக்கு. கிட்டப் போய் ஒரு ஒழுக்கின் தலையைப் பேனாக்கத்தியால் கிளறினேன். மிளகு அளவில் ஒரு சதுரப் பொந்து. பக்கத்துக் கல்லில் இன்னும் அழியாத ஒன்று, பித்தளை மாதிரி மஞ்சளாய், சின்னப் பெட்டி வடிவில் மினுங்கியது. பைரைட்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ஈரமும் காற்றும் பட்டால் துருவாகி ஒழுகும், கூடவே கந்தக அமிலம் உண்டாகும். கல்லில் சுண்ணமும் இருந்தால் அந்த அமிலம் அதை ஜிப்சமாக்கும். ஜிப்சத்துக்கு இடம் கூட வேண்டும், அதனால் கல்லின் தோல் உரிந்து எழும்பும்.

காசைத் திருப்பிக் கொடுத்தேன். மொத்த வியாபாரி "இயற்கைக் கல் என்றால் அப்படித்தான்" என்றார். முழுப் பொய்யும் இல்லை. எல்லாப் பைரைட்டும் ஒழுகுவதில்லை, நன்றாகப் படிகமான சில பைரைட்டு நூறு வருடம் அப்படியே இருக்கும். ஆனால் ஐரோப்பியத் தரநிர்ணயத்தில் இதற்கென்றே நனைத்துக் காயவைக்கிற சோதனை இருக்கிறது. டி1 என்றால் ஒழுக்கு இல்லை, டி2 என்றால் நிறம் ஒழுகும், டி3 என்றால் கல்லே துளைபடலாம். அந்தத் தாளைக் கேட்காதது என் பிழை. அமெரிக்கத் தரநிர்ணயத்தில் எஸ்1 என்பது 75 வருடத்துக்கு மேல் உழைக்கும் என்று எதிர்பார்க்கிற கூரைச் சிலேட்டு.

தாள் இல்லாமல் நானே எப்படிச் சோதிப்பது?

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு துண்டை விரல் நுனியில் தொங்கவிட்டு மூட்டால் தட்டுவேன். பீங்கான் கோப்பை போலக் கணீரென்றால் நல்லது, "டொக்" என்றால் உள்ளே வெடிப்பு. பிறகு வாயால் ஊதிவிட்டு முகர்ந்து பார்ப்பேன். முதல் மழை மண்வாசம் பலமாக வந்தால் களி அதிகம். இரவில் ஒரு வாளியில் பாதி முங்க நிறுத்தி வைப்பேன். காலையில் ஈரக்கோடு தண்ணீர் மட்டத்திலேயே நின்றால் மகிழ்ச்சி, மேலே ஏறியிருந்தால் கல் தண்ணீர் குடிக்கிறது, வேண்டாம். கடைசியாக உடைந்த விளிம்பில் கொஞ்சம் தூளைச் சுரண்டி வினாகிரி விடுவேன். நுரைத்தால் சுண்ணம். மஞ்சள் மினுக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்துத் தேடுவதைச் சொல்லவே வேண்டாம், சூடுகண்ட பூனை நான்.

அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்றிவிட்டுச் சிலேட்டுப் போட நினைத்தோம். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நெருங்கிய தொடர்பு. ஒஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் 1901-இல் காப்புரிமை பெற்ற அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடு, சிலேட்டுக்கு மாற்றாக, மலிவான செயற்கைச் சிலேட்டாக வந்ததுதான். நிலைத்து நிற்கும் என்ற பொருளில் எடர்னிட் என்று பெயர் வைத்தார். நெளிவுச் சீற்று அதன் வாரிசு. அஸ்பெஸ்டஸ் நார் எந்த வகையானாலும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கழற்றுவதானால் உடைத்து எறியாதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள், ஆணியையோ கொளுக்கியையோ மெதுவாகக் கழற்றிச் சீற்றை முழுசாக இறக்குங்கள், காய்ந்த சீற்றில் வாளோ கிரைண்டரோ வைக்க விடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். மேலே என்ன போடுவது என்று கேட்டால், பழைய வீடுகள் இடிக்கிற இடத்தில் நல்ல கள்ளிக்கோட்டை ஓடு இன்னும் கிடைக்கிறது. வரும்போது கூரையின் நீள அகலத்தை அளந்துகொண்டு வாருங்கள், சரிவையும் அளக்க மறக்க வேண்டாம்.